மந்திரத்துக்கும் சேதாரம் உண்டு

என் நாவலில் மந்திரத்துக்குச் சேதாரம் உண்டு. இறந்துபோனவர்களின் குரலை வெள்ளிக் கொலுசில் பற்றவைத்துத் தருகிற பட்டறைகள் உள்ள ஒரு மலைநாடு. அந்த வேலையைச் செய்கிறவர், முடித்துக் கொடுக்கிற ஒவ்வொரு சோடிக் கொலுசுக்கும் தன் காதிலிருந்து ஓர் ஓசையை இழக்கிறார். முதலில் சேவல் கூவுவது கேட்காமல் போகும். அப்புறம் உலை கொதிப்பது, ஓலைக்கூரையில் மழை விழுவது, சந்தையில் யாரோ தன் பெயரைக் கூப்பிடுவது. பட்டறையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் தன் அம்மாவின் குரலைக் கொலுசில் வைக்க நினைக்கிறாள். அதற்கு அவள் எந்த ஓசையைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் கதை.

இதை எழுதி முடித்து, பதிப்பகங்களுக்கு அனுப்பி, காத்திருந்து, மறுபடி திருத்தி, இப்போது ஒரு பதிப்பகத்தோடு ஒப்பந்தம் பேசுகிற இடத்துக்கு வந்திருக்கிறேன். தமிழில் மாயக்கதை எழுதிக்கொண்டு, அடுத்து என்ன செய்வது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறவர்கள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இது. எழுத்தும் பதிப்பும் கலந்தேதான் வரும். எனக்கு அவை தனித்தனியாக நடக்கவில்லை.

நான் சேலத்துக்காரி. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் அப்பாவுக்குச் சின்ன வெள்ளிப் பட்டறை. எனக்கு ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் மலர், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு.

கொலுசுப் பட்டறையில் வெள்ளி வரும்போதும் எடை, போகும்போதும் எடை. வியாபாரி கொடுத்த வெள்ளியை உருக்கி, கம்பியாக இழுத்து, சுற்றி வெட்டி, கண்ணி கோத்து, பற்றவைக்கிற பொடி வைத்துத் தீயை ஊதி, அரத்தால் ராவி, மெருகு போட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது எடை குறைந்திருக்கும். உருக்கும்போது கொஞ்சம், ராவும்போது கொஞ்சம், மெருகில் கொஞ்சம். கிலோவுக்கு இவ்வளவு சேதாரம் என்று முன்பே பேசியிருப்பார்கள். அதற்கு மேல் குறைந்தால் பட்டறைக்காரர் கையிலிருந்து போகும். அதனால் எங்கள் பட்டறையில் தரை கூட்டுவது பெரிய வேலை. ராவுகிற பலகையின் அடி, கதவிடுக்கு, கால்மிதி, கை துடைத்த துணி, எல்லாவற்றையும் தட்டி, அந்தத் தூசியை அப்பா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைப்பார். பார்த்தால் வெறும் கரித்தூள் போல இருக்கும். பாட்டில் நிறைந்ததும் உருக்கினால் அடியில் ஒரு சின்ன வெள்ளிக் குண்டு நிற்கும்.

என் கதையில் மந்திரம் என்னவெல்லாம் செய்யும் என்று நீண்டகாலம் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. எதை வேண்டுமானாலும் செய்யும் என்றால் வாசிப்பவருக்கு எதைப் பற்றியும் கவலை வராது. மந்திரத்தில் எது குறையும், அந்தக் குறைவை யார் கணக்கு வைப்பார்கள், அது யார் தலையில் விழும் என்று கேட்க ஆரம்பித்தபிறகு கதைக்குள் ஓர் ஊர் உருவானது. ஓசையை இழப்பது வேலையின் விலை என்றால், வசதியுள்ள பட்டறைக்காரர் தன் காதைக் கொடுக்க மாட்டார், கூலிக்காரர் காதைக் கொடுப்பார். அப்போது ஓசைத் தரகர் ஒருவர் வேண்டும். காது போனவர்கள் குடியிருக்கிற ஒரு தெரு வேண்டும். பிள்ளைகளின் காதை எடுக்கக் கூடாதென்று ஒரு சட்டமும், அந்தச் சட்டத்தை மீறுகிற ஓர் இடமும் வேண்டும். பட்டறைத் தரையில் சிந்திய ஓசைகளைக் கூட்டி எடுக்கிற பெண்கள் வேண்டும். நாவலின் பாதிப் பாத்திரங்கள் இந்த ஒரு கணக்கிலிருந்து வந்தவர்கள்தான்.

ஆகவே புதிதாக எழுதுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டில் என்ன தொழில் என்றுதான். சேலத்தைச் சுற்றி எத்தனை இருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசி எடுக்கிற ஆலைகள், பட்டுத்தறிகள், மாம்பழ மண்டி, மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கம். அந்த வெள்ளைக்கல்தான் மேக்னசைட். இரும்பு உருக்குகிற உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்ய அது போகிறது. சுட்டு எடுத்தால் கடும் சூட்டையும் தாங்குகிற ஒரு வெள்ளைக் கல், கரடு முழுக்க வெளியே தெரிகிறபடி கிடக்கிறது. நாவலில் குரலை உருக்குகிற உலைகளை நான் அந்தக் கல்லால் கட்டினேன். கற்பனைக்கு அதிக வேலை இருக்கவில்லை.

மாயக்கதை என்றாலே ‘குழந்தைகளுக்கா?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுதுகிற நாம் அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் தெய்வம் கதாநாயகி மணிமேகலைக்கு மூன்று மந்திரங்கள் கொடுக்கிறது: வேற்றுருக் கொள்ள ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசி தாங்க ஒன்று. அதில் வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தால் அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். அந்த உருவத்தைத் தன் மனைவி என்றே நம்பிய காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், மணிமேகலையைத் தேடி வந்த இளவரசன் உதயகுமரனை வெட்டிவிடுகிறான். மந்திரம் பலித்தது, ஓர் உயிர் போனது. காயசண்டிகையின் கதையும் அப்படித்தான். முனிவருக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கிற நாவற்கனியைக் காலால் சிதைத்ததற்கு, அவளுக்குப் பன்னிரண்டு ஆண்டு தீராத யானைத்தீப் பசி. சாபத்துக்கும் அளவு இருக்கிறது. ஒழுங்கான விதிகளுள்ள மாய உலகம் வேறெங்கிருந்தோ வந்த புதுப்பழக்கம் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பகுதிகளை மட்டுமாவது படிக்க வேண்டும்.

நம் ஊர்க் கதைகளும் அதே மாதிரிதான். சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை, இரும்புத் தாது உள்ள மலை. அங்கே ஒரு சீடன் குருவுக்குச் சோறு பொங்கும்போது, கையில் கிடைத்த குச்சியால் கிளறினானாம். சோறு கறுத்துவிட்டது. குரு திட்டுவாரே என்று பயந்து, அதை அவனே தின்றுவிட்டான். கிழவனாக இருந்தவன் இளைஞனாகிவிட்டான். எனக்கு இதில் இளமை பெரிதாகப் படவில்லை. சோறு கெட்டுப்போனதை மறைக்கத் தின்றான் பாருங்கள், அந்தப் பயம்தான் கதையை நம்ப வைக்கிறது. மனிதர் செய்கிற சின்னக் காரியத்தின் வழியாகத்தான் அதிசயம் உள்ளே வர வேண்டும் என்று நான் படித்துக்கொண்டது அங்கேதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது ஊர்ப் பெருமைதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-இல் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவிலிருந்து வந்தது. சொல் சொன்னால் திறக்கிற குகை உள்ள அலிபாபா கதை அது. தச்சரும் தையற்காரரும் சாயம் பூசுகிறவரும் கூலி வாங்கிக்கொண்டு அந்தக் குகையைக் கட்டினார்கள். ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. மலைக்குப் போகிற பேருந்தில் அதைத் தாண்டும்போதெல்லாம், அதிசயம் செய்வது இந்த ஊரில் ஒரு தொழிலாக இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

என் மலைநாடு சேர்வராயன் மலையிலிருந்து வந்தது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள்தான். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து இந்த உயரத்தை ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும். ஆனால் என் நாவலில் பேருந்து கிடையாது. உப்பு மூட்டை சுமந்த ஒருவன் அதே உயரத்தை எப்படி ஏறுவான், எங்கே மூச்சு வாங்க நிற்பான், எந்த இடத்தில் காற்று குளிரத் தொடங்கும், எந்த இடத்துக்கு மேல் புளியமரம் இல்லை என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள, கீழிருந்து நடந்தேன். சாலையில் இல்லை, விவரம் தெரிந்த ஒருவரோடு ஒற்றையடிப் பாதையில். உப்பு விலை மேலே ஏன் இரண்டு மடங்கு என்பதற்கு என் முழங்காலே பதில் சொன்னது. நாவலில் மலைக்காரர்கள் உப்பை விருந்தாளிக்குக் கையில் கொடுத்து வரவேற்கிறார்கள். அந்தப் பழக்கத்தை நான் மேசையில் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது.

மலையை அப்படியே எடுத்து வைக்கவும் முடியாது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் உலகம் பழைய கால உலகம், துப்பாக்கிக்கும் வெள்ளைக்காரக் கப்பல்காரர்களுக்கும் முந்தியது. ஏற்காடு என்றதும் நம் கண்ணில் நிற்பது காப்பிச் செடியும் அதற்கு நிழல் தருகிற சில்வர் ஓக் மரமும். காப்பி இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரக் கலெக்டர் காலத்தில் வந்தது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். இரண்டையும் எடுத்துவிட்டால் மலையில் மிச்சம் என்ன? மிளகுக் கொடி, பலா, நாவல், கடுக்காய், சந்தனம், தேன், சாமை, கேழ்வரகு. சமையலிலும் இதே கதை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பழைய உலகத்துச் சமையற்காரி மிளகாய் கிள்ளிப் போட்டால், கவனிக்கிற வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளியும் மாங்காயும். இப்படி ஒவ்வொன்றாக எடுத்துவிட்ட பிறகு கிடைத்த மலை, எனக்குத் தெரிந்த மலையைவிட அந்நியமாகவும் அழகாகவும் இருந்தது. டிராகன் எதுவும் தேவைப்படவில்லை.

தெய்வத்தை மட்டும் தொடவில்லை. மலையுச்சிக் குகைக் கோயிலில் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் எல்லாம் கூடும். மலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் தமிழ் பேசுகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழி என்று தங்களைச் சொல்கிறார்கள். பெரியண்ணன் சேர்வராயனுக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. எழுதுகிற எவருக்கும் கை பரபரக்கிற கதை. ஆனால் அது அவர்கள் கும்பிடுகிற, தங்கள் பிறப்பைச் சொல்லிக்கொள்கிற கதை. அதை எடுத்து வேறு பெயர் வைத்து, என் வில்லனுக்குத் தம்பி ஆக்குவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று முடிவு செய்தேன். பாதை, பனி, உப்பு, பாரம் சுமக்கிற முறை, இவற்றை எடுத்துக்கொண்டேன். கும்பிடுகிறதை விட்டுவிட்டேன். நாவலில் வருகிற தெய்வங்கள் எல்லாம் பட்டறையில் பிறந்தவை, என்னுடையவை. எல்லாருக்கும் இதே முடிவு சரியாக இருக்கும் என்று சொல்லவில்லை. முடிவு எடுக்காமல் எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

எழுதியதை யாரிடம் காட்டுவது? இலக்கிய நண்பர்களிடம் காட்டுங்கள், ஆனால் அவர்களிடம் மட்டும் காட்டாதீர்கள். அப்பாவின் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்த மாமா ஒருவர் இருக்கிறார். அந்தக் காலத்தில், கேஸ் வருவதற்கு முன்னால், விளக்குத் திரியைக் குழல் வைத்து ஊதிப் பொடி உருக்கியவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். கதாநாயகி முதல்முறை குரலைப் பற்றவைக்கிற கட்டம் வந்தது. இடது கையில் குறடு, வாயில் ஊதுகுழல், எதிரே விளக்கு. அவள் மந்திரத்தைச் சொல்லியபடியே ஊதுகிறாள். நான் ரொம்ப உணர்ச்சியாக வாசித்துக்கொண்டிருந்தேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏங்கண்ணு, வாயில கொழல வெச்சிருக்கறவ எப்பிடி மந்திரஞ் சொல்லுவா?”

நான் பதில் சொல்லவில்லை. அவரே ஒரு பென்சிலை வாயில் வைத்து, கன்னத்தை உப்பி, மூக்கால் மூச்சை இழுத்து வாயால் விட்டுக் காட்டினார். தீ அணையாமல் ஒரே சீராக ஊத வேண்டும், அதனால் மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்றார். பழகுவதற்குள் கன்னம் வீங்கிவிடுமாம். “மந்திரம் எதுக்கு? அந்த மூச்சு பத்தாதா?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி நாவலிலிருந்த மந்திரச் சொற்களை எல்லாம் எடுத்தேன். இப்போது என் நாவலில் யாரும் மந்திரம் சொல்வதில்லை. அறுபடாத ஒரு மூச்சில்தான் குரல் வெள்ளியில் ஏறுகிறது. மூச்சு அறுந்தால் ஓசையும் போகும், கொலுசும் போகும். கதையின் மிக நல்ல அத்தியாயம் அந்த மூச்சைப் பற்றியதுதான். அது மாமா கொடுத்தது. உங்கள் கதையில் வருகிற தொழில் தெரிந்த ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். கதை நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எங்கே நம்ப முடியவில்லை என்று கேளுங்கள்.

எப்போது எழுதுகிறாய் என்று கேட்பார்கள். காலையில், அச்சகத்துக்குப் போகும் முன்னால். வேறு ரகசியம் இல்லை. தமிழ்99 விசைப்பலகையில் யூனிகோடில் அடிக்கிறேன், கூடவே ஒரு நோட்டில் உலகத்துக் கணக்குகள்: உப்பு விலை, கொலுசுக் கூலி, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை நாழிகை நடை, யாருக்கு எந்த ஓசை போய்விட்டது. கடைசியாகச் சொன்னது முக்கியம். சேவல் சத்தம் கேட்காதவள் இருபது அத்தியாயம் தள்ளிச் சேவல் கூவி எழுந்தால் கதை முடிந்தது.

இனி பதிப்பு.

தமிழில் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் முகவர் என்று ஒருவர் பெரும்பாலும் இல்லை. நேரடியாகத்தான் அனுப்ப வேண்டும். எப்போது அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். சென்னைப் புத்தகக் காட்சி 1977-இலிருந்து நடக்கிறது, வழக்கமாகப் பொங்கலை ஒட்டி. அதற்குப் புத்தகம் கொண்டுவர அக்டோபரிலிருந்தே பதிப்பகங்கள் திணறும். அந்த மாதங்களில் புது ஆளின் பெரிய நாவலைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. பிப்ரவரி முடிந்து அனுப்புங்கள். காட்சிக்கே போவதும் நல்லது, ஆனால் கையெழுத்துப் பிரதியோடு போகாதீர்கள். யார் மாயக்கதை, சரித்திரக்கதை, மொழிபெயர்ப்பு போடுகிறார்கள், அட்டை எப்படி, தாள் எப்படி, மெய்ப்பு பார்க்கிறார்களா என்று புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நாலு சந்திப்பிழை இருந்தால் உங்கள் நாவலுக்கும் அதுதான் நடக்கும். ஈரோட்டில் ஆகஸ்ட் மாதம் நடக்கிற புத்தகத் திருவிழா நமக்குப் பக்கம், நிதானமாகப் பார்க்கலாம்.

அளவைப் பற்றி அச்சகக்காரியாகச் சொல்கிறேன். நாவல்கள் வழக்கமாக வருகிற டெம்மி அளவில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 230 சொல் பிடிக்கும். பதினாறு பக்கம் ஒரு பாரம். என் நாவல் முதலில் 1,20,000 சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்படியென்றால் 520 பக்கத்துக்கு மேல், 33 பாரம். பெயர் தெரியாத எழுத்தாளரின் முதல் நாவலை அந்தத் தடிமனில், அந்த விலையில் வாங்குகிறவர் குறைவு. பதிப்பாளரின் தயக்கத்தில் பாதி தாளைப் பற்றியது, நம் எழுத்தைப் பற்றியது இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் மறுப்பு வலிக்காது. சுமார் 85,000 சொல்லுக்குக் குறைத்தேன். 370 பக்கம், 23, 24 பாரம். போன பகுதிகளில் பெரும்பாலானவை உலகத்தின் வரலாற்றைச் சொன்ன பக்கங்கள். நோட்டில் இருந்தால் போதும் என்று அவை நோட்டுக்கே திரும்பின. மூன்று பாகமாக யோசித்திருக்கிறீர்களா? முதல் பாகம் தனியாக முடிய வேண்டும். இரண்டாவது வரும் என்று உங்களுக்கு யாரும் உறுதி கொடுக்கப் போவதில்லை.

அனுப்பும்போது முழு நாவலோடு ஒரே ஒரு பக்கக் கடிதம். கதை என்ன, யாருடைய கதை, எப்படி முடிகிறது, எத்தனை சொல், முடிந்துவிட்டதா. முடிவைச் சொல்லாமல் ஆவலைத் தூண்டுவது பின்னட்டைக்குச் சரி. ஆசிரியர் குழுவுக்கு முடிவு தெரிய வேண்டும். ‘வெளிநாட்டு அந்தத் தொடர் மாதிரி’ என்ற வரியை நான் எழுதவில்லை. முதல் வரியாக வைத்தது, இறந்தவர் குரலைக் கொலுசில் வைக்கிற பட்டறையில் ஒரு பெண் தன் காதை விலையாகக் கொடுக்கிற கதை என்பதுதான். இப்போது பேசிக்கொண்டிருக்கிற பதிப்பகத்தின் ஆசிரியர், அந்த வரிக்காகத்தான் கோப்பைத் திறந்தேன் என்றார்.

அதற்கு முன்னால் வேறு அனுபவங்கள். ஓரிடத்தில் நாவலை வெகுகாலம் வைத்திருந்து ஒரு பதிலும் சொல்லவில்லை. அதிலிருந்து, அனுப்பும்போதே ‘எத்தனை மாதத்தில் முடிவு சொல்வீர்கள், அதற்குப் பிறகு வேறிடம் அனுப்பலாமா’ என்று கேட்கிறேன். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. இன்னோரிடத்தில் ரொம்பப் புகழ்ந்தார்கள். அப்புறம், சில நூறு பிரதிகளை நானே முன்பணம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். மிச்சப் பிரதிகளை எந்தக் கடையில், எந்தக் காட்சியில் வைப்பீர்கள் என்று கேட்டேன். தெளிவான பதில் இல்லை. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சொந்தக் காசில் புத்தகம் போடுவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் அச்சகத்திலேயே அப்படிப் போட்டு, தானே தூக்கிக்கொண்டு போய் விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் காசு உங்களுடையது என்றால் புத்தகமும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அச்சுக்கோப்பு யார் கையில், மீதிப் பிரதி யாருக்கு, ஐஎஸ்பிஎன் என்கிற சர்வதேசப் புத்தக எண் யார் பெயரில் என்று எழுதி வாங்குங்கள். ஐஎஸ்பிஎன் வாங்கித் தர இவ்வளவு என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. எழுத்தாளர் தானாகவே விண்ணப்பிக்கலாம். மின்னூல் மட்டும் போதும் என்றால் அமேசான் கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்களை நாமே ஏற்ற முடிகிறது. எனக்குத் தாளில் வர வேண்டும், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

எழுத்தாளருக்கு உரிமைத்தொகை (ராயல்டி) வழக்கமாகப் புத்தக விலையில் பத்து சதவீதம். 450 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் 22,500 ரூபாய். அதுவும் ஒரே நாளில் வராது. வேலையை விட்டுவிட்டு எழுதலாமா என்று யோசிக்கிற தம்பி தங்கைகள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். எழுதாதே என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். வேலையோடு எழுது என்பேன்.

ஒப்பந்தம்தான் நம் ஆட்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற இடம். புத்தகம் வருகிறதே என்ற சந்தோஷம் அப்படி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 நமக்குச் சாதகமாகவே சில விஷயங்களைச் சொல்கிறது. எழுதிய நிமிடத்திலிருந்து உரிமை உங்களுடையது, பதிவு செய்தால்தான் என்று இல்லை. அது உங்கள் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும் இருக்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரிச் சொல்லாதவரை, அது காலாவதி. இவை எல்லாம் ஒப்பந்தம் பேசாமல் விட்ட இடங்களில்தான் உதவும். அதனால் ‘அனைத்து உரிமைகளும்’ என்ற வரியைப் பார்த்ததும் நிறுத்திப் படியுங்கள். அச்சு உரிமை ஒன்று, மின்னூல் ஒன்று, ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் வேறு வேறு. மாயக்கதைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். உங்கள் உலகமும் பாத்திரங்களும் அடுத்த நாவலிலும் வரப்போகிறார்கள்.

கடைசியாக மெய்ப்பு. யூனிகோடில் நாம் கொடுத்தாலும், சில இடங்களில் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகிறார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ‘ஸ்ரீ’ உடையும், மேற்கோள்குறி திரும்பிக்கொள்ளும். நீங்கள் உருவாக்கிய ஊர்ப்பெயர்கள் எந்த அகராதியிலும் இல்லை என்பதால் மெய்ப்புத் திருத்துகிறவருக்கு அது பிழையா, பெயரா என்று தெரியாது. பெயர்களை எல்லாம் ஒரு தாளில் அகரவரிசையில் எழுதி அவருக்குத் தனியாகக் கொடுங்கள். கட்டிய பக்கங்களை நீங்களும் ஒருமுறை தாளில் எடுத்துப் படியுங்கள், திரையில் வேண்டாம். நாவலின் முன்னால் அருஞ்சொற்பட்டியல் வைப்பது எனக்குப் பிடிக்காது. வாசகர் கதைக்குள்ளேயே கற்றுக்கொள்ளட்டும்.

என் ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. இரண்டாவது நாவலையும் அவர்களுக்கே கொடுக்க வேண்டும், அதே விகிதத்தில், என்று ஒரு வரி இருந்தது. முதலில் காட்டுகிறேன், கொடுப்பதை அப்போது பேசிக்கொள்ளலாம் என்று மாற்றித் தரக் கேட்டிருக்கிறேன். திரைப்பட உரிமையை எடுத்துவிட உடனே சம்மதித்தார்கள், அதனால் இதற்கும் வழி பிறக்கும் என்று நம்புகிறேன். இடையில் உள்ளே வைக்க மலைநாட்டின் வரைபடம் கேட்டார்கள். கறுப்பு வெள்ளை, எதிரெதிர் இரண்டு பக்கத்துக்கு. காது போனவர்களின் தெருப்பெயர் சரியாக நடுமடிப்பில் விழுகிறது. ஆற்றைக் கொஞ்சம் கிழக்கே தள்ளி வரைந்தால் தெருவுக்கு இடம் வரும். ஆனால் ஆறு நகர்ந்தால் பதினோராம் அத்தியாயத்தில் அவள் இரவில் நடந்து போகிற தூரம் கூடும், அதையும் திருத்த வேண்டும்.